கழுத்துச் சுரப்பியின் ரகசியம் கண்ட டாக்டர் கோக்கர்

சுவிட்சர்லாந்து மலைகள் நிறைந்த நாடு. அதன் தலைநகரம் பெர்ன்.

150 ஆண்டுகளுக்கு முன் அந்த நகரத்தின் சந்தையில் போய் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். காய்கறி விற்பவள் கழுத்தில் கட்டி. பால்காரன் கழுத்தில் கட்டி. பள்ளிக்கூடம் போகும் சிறுமியின் கழுத்திலும் கட்டி!

சிலருக்கு எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். சிலருக்குத் தேங்காய் அளவு இருக்கும். மிகவும் பெரிதாகிவிட்டால் மூச்சுக்குழாயை அழுத்தும். மூச்சு முட்டி இறந்தவர்களும் உண்டு.

இது முன்கழுத்துக் கழலை என்னும் நோய். மலைநாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் என்ற சத்துக் குறைவு. அதனால் கழுத்தில் இருக்கும் "தைராய்டு" என்ற சுரப்பி வீங்கியது. ஆனால் இந்தக் காரணம் அந்தக் காலத்தில் உறுதியாகத் தெரியாது. அந்தச் சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதே தெரியாது!

அந்த ரகசியம் வெளிப்பட வழி செய்தவர், டாக்டர் தியோடர் கோக்கர். அவர் செய்த பெரிய சாதனையே ஒரு பெரிய தவறாக முடிந்தது. அந்தத் தவறில் இருந்துதான் உண்மை பிறந்தது.

30 வயதில் பேராசிரியர்

கோக்கர் 1841ம் ஆண்டு ஆகஸ்டு 25ந் தேதி பெர்ன் நகரில் பிறந்தார். தந்தை, என்ஜினீயர். தாய், தெய்வ பக்தி மிகுந்தவர். கடவுள் நம்பிக்கையும், நேரம் தவறாமையும், எதையும் ஒழுங்காகச் செய்யும் பழக்கமும் சிறு வயதிலேயே கோக்கருக்கு வந்துவிட்டன.

பெர்ன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தார். பிறகு பெர்லின், லண்டன், பாரிஸ் என்று பல ஊர்களுக்குப் போய், பெரிய டாக்டர்கள் ஆபரேஷன் செய்வதை நேரில் பார்த்தார். புண்ணில் கிருமி சேராமல் மருந்து வைத்துத் தடுக்கும் முறையை, ஸ்காட்லாந்தில் லிஸ்டர் என்ற டாக்டர் அப்போதுதான் கண்டுபிடித்து இருந்தார். கோக்கர் அந்த முறையை விடாமல் பின்பற்றினார்.

1869ம் ஆண்டில் கோக்கருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் மேரி. அவர்களுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். அவர்களில் ஆல்பர்ட் என்பவர் தந்தையைப் போலவே ஆபரேஷன் டாக்டர் ஆனார்.

1872ம் ஆண்டில் பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஆபரேஷன் துறைப் பேராசிரியர் பதவி காலியானது. அந்தப் பதவி கோக்கருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 30.

அன்று முதல் 45 ஆண்டுகள், சாகும் வரை, அவர் அந்தப் பதவியில் இருந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலமுறை அவரை அழைத்தன. அவர் போகவில்லை. பிறந்த ஊரிலேயே இருந்துவிட்டார்.

பயங்கர ஆபரேஷன்

கழுத்துக் கழலையை வெட்டி எடுப்பது என்றால், அன்றைய டாக்டர்களுக்கு நடுக்கம்!

தைராய்டு சுரப்பிக்குள் ஏராளமான ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கத்தி பட்டால் ரத்தம் குபுகுபு என்று பாயும். பக்கத்திலேயே குரலுக்கு உரிய நரம்பு இருக்கிறது. அது அறுந்தால் பேச்சுப் போய்விடும். பின்னால் மூச்சுக்குழாய். ஆபரேஷனில் பிழைத்தாலும், புண் அழுகி இறந்துபோவார்கள்.

பில்ரோத் என்பவர் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்ற டாக்டர். அவரிடம் இந்த ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் பலர் இறந்தார்கள். மனம் வெறுத்துப் போய், பல ஆண்டுகள் இந்த ஆபரேஷனையே அவர் நிறுத்தி வைத்தார்.

கோக்கர் துணிந்து இறங்கினார். ஆனால் அவசரப்படவில்லை.

அந்தக் காலத்தில் வேகமாக ஆபரேஷன் செய்கிறவருக்குத்தான் மதிப்பு. கோக்கரோ ஆமை போல வேலை செய்தார். ஒவ்வொரு ரத்தக் குழாயையும் தேடிப் பிடித்து, இடுக்கியால் கவ்வி, நூலால் கட்டிய பிறகே வெட்டினார். ஒரு சொட்டு ரத்தம்கூட வீணாகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இதற்காக அவர் செய்த இடுக்கி, இன்றும் "கோக்கர் இடுக்கி" என்ற பெயரில் உலகம் எங்கும் ஆபரேஷன் அறைகளில் இருக்கிறது.

அவருடைய முதல் 10 ஆண்டுகளில், 100 பேருக்கு ஆபரேஷன் செய்தால் சுமார் 13 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கு இதுவே பெரிய வெற்றி. பிறகு சாவு குறைந்துகொண்டே வந்தது. 1912ம் ஆண்டில் அவர் செய்த கழலை ஆபரேஷன்கள் சுமார் 5 ஆயிரத்தை எட்டின. அப்போது 200 பேரில் ஒருவர் இறப்பதுகூட அபூர்வம் ஆகிவிட்டது!

மாறிப்போன சிறுமி

வெற்றி மேல் வெற்றி வந்த காலத்தில்தான், ஒரு பேரிடி காத்து இருந்தது.

கழலையில் பாதியை மட்டும் எடுத்தால், மீதி திரும்பவும் வளரக்கூடும். ஆகவே சிலருக்குச் சுரப்பி முழுவதையும் கோக்கர் எடுத்துவிட்டார். அது உடம்புக்குத் தேவை என்று யாருக்கும் தெரியாத காலம் அல்லவா?

1874ம் ஆண்டு ஜனவரியில், 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்படி முழுச் சுரப்பியையும் எடுத்தார். புண் நன்றாக ஆறியது. சிறுமி வீட்டுக்குப் போனாள்.

சில மாதங்கள் கழித்து, அவளை அனுப்பி வைத்த டாக்டரிடம் இருந்து செய்தி வந்தது. துறுதுறு என்று ஓடியாடிய பெண், இப்போது மந்தமாகிவிட்டாள். வேலை செய் என்றால் அசைவது இல்லை. அவளுடைய குணமே மாறிவிட்டது.

இந்தச் செய்தியின் முழுப்பொருள் அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

8 ஆண்டுகள் ஓடின. 1882ம் ஆண்டு செப்டம்பரில், ஜெனீவா நகரில் டாக்டர்கள் மாநாடு நடந்தது. அங்கே ரெவெர்டின் என்ற டாக்டரைக் கோக்கர் சந்தித்தார். அவரும் கழலை ஆபரேஷன் செய்கிறவர். சுரப்பி முழுவதையும் எடுத்தவர்கள், சில மாதங்களில் சோர்ந்து, வெளுத்து, வீங்கி, மந்தமாகி விடுகிறார்கள் என்று அவர் கோக்கரிடம் சொன்னார்.

கோக்கருக்குப் பகீர் என்றது. ஊருக்குத் திரும்பியதும், தன்னிடம் ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு எல்லாம் கடிதம் எழுதினார். திரும்ப வந்து உடம்பைக் காட்டும்படி கேட்டுக் கொண்டார்.

அவர்கள் வந்தார்கள்.

சுரப்பியில் ஒரு பகுதியை மட்டும் இழந்தவர்கள் நலமாக இருந்தார்கள். முழுச் சுரப்பியையும் இழந்தவர்கள் 18 பேர் வந்தார்கள். அவர்களில் 16 பேர் அடையாளம் தெரியாமல் மாறி இருந்தார்கள்!

முகம் ஊதி இருந்தது. தோல் வறண்டு இருந்தது. முடி கொட்டி இருந்தது. குளிர் தாங்கவில்லை. பேச்சும் மெதுவாக வந்தது. சிந்தனையும் மெதுவாக ஓடியது.

அந்தச் சிறுமியும் வந்தாள். இப்போது அவளுக்கு 20 வயது. ஆனால் பார்வைக்குக் குழந்தை போல் இருந்தாள். ஒரு காலத்தில் அவளும் அவளுடைய தங்கையும் ஒரே அச்சாக இருந்தவர்கள். தங்கை வளர்ந்து அழகிய மங்கையாகிவிட்டாள். அக்காளோ குள்ளமாக, முகம் வீங்கி, புத்தி மந்தமாகி நின்றாள்.

எந்தக் கை உயிரைக் காப்பாற்றியதோ, அந்தக் கையே அவள் வாழ்வைக் கெடுத்துவிட்டது! கோக்கரின் கை திறமையானது. சுரப்பியைத் துளிகூட மிச்சம் வைக்காமல் எடுத்தது. அந்தத் திறமையே தீங்காக முடிந்தது.

மறைக்கவில்லை

வேறு ஒருவராக இருந்தால் மூடி மறைத்து இருக்கலாம். நோயாளிகள் ஏழைகள், மலைக்கிராமத்து மக்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

கோக்கர் மறைக்கவில்லை. 1883ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லின் நகரில் டாக்டர்கள் சங்கக் கூட்டம் நடந்தது. ஜெர்மனியின் பெரிய டாக்டர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அந்தச் சபையில் எழுந்து நின்று, தன் ஆபரேஷனால் நேர்ந்த தீங்கை எண்ணிக்கையோடு எடுத்துச் சொன்னார். அந்த இரு சகோதரிகளின் படங்களையும் அச்சிட்டு வெளியிட்டார். இனிச் சுரப்பி முழுவதையும் எடுக்கக் கூடாது என்றும் முடிவு செய்தார்.

ஆனால் காரணத்தைச் சொல்வதில் அவர் தவறிவிட்டார். மூச்சுக்குழாய் மெலிந்து, போதிய மூச்சு இல்லாமல் இந்த நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். ரெவெர்டினுக்கும் அவர் மேல் வருத்தம் இருந்தது. முதலில் கண்டது தாங்கள்தான் என்றும், அந்தப் பெருமையைக் கோக்கர் சரியாகத் தரவில்லை என்றும் அவரும் அவருடைய உறவினரும் குறைப்பட்டார்கள்.

சரியான காரணத்தைக் கூறியவர், லண்டனில் இருந்த செமன் என்ற டாக்டர். சுரப்பி வேலை செய்யாததுதான் நோய்க்குக் காரணம் என்று அதே 1883ம் ஆண்டில் அவர் கூறினார். உடனே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 1888ம் ஆண்டில் குழுவின் அறிக்கை வந்தது. செமன் சொன்னது சரி!

நாய்கள் சொன்ன உண்மை

இந்த உண்மையை நிலைநாட்ட உதவியவை வாய் இல்லாத ஜீவன்கள்.

ஷிஃப் என்ற விஞ்ஞானி, 1850களில் அதே பெர்ன் நகரில் பேராசிரியராக இருந்தவர். நாய்களின் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று அவர் அப்போதே பார்த்தார். நாய்கள் இறந்தன. அதைப் புத்தகத்திலும் எழுதினார். யாரும் கவனிக்கவில்லை!

கோக்கரின் செய்தி வெளிவந்ததும், ஜெனீவாவில் இருந்த ஷிஃப் தன் பழைய சோதனையைத் திரும்பவும் செய்தார். இந்த முறை, வேறு நாயின் சுரப்பியை எடுத்து முன்கூட்டியே வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். பிறகு கழுத்துச் சுரப்பியை எடுத்தார். அப்படிச் செய்த நாய்கள் பிழைத்தன.

சுரப்பி கழுத்தில் இருந்தால் என்ன, வயிற்றில் இருந்தால் என்ன? அதில் இருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் கலக்கிறது. அந்தப் பொருள்தான் உடம்புக்கு வேண்டும். இது விளங்கிவிட்டது.

இதில் இன்னொரு புதிரும் இருந்தது. சுரப்பியை எடுத்த நாய்கள் சில நாட்களிலேயே வலிப்பு வந்து இறந்தன. மனிதர்களோ மாதக்கணக்கில் மெதுவாக மந்தமானார்கள். ஏன் இந்த வேறுபாடு?

ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் சான்ட்ஸ்ட்ரம் என்பவர், 1877ம் ஆண்டில் ஒரு நாயின் கழுத்தை ஆராய்ந்தார். தைராய்டை ஒட்டி, மிகச் சிறிய வேறு ஒரு சுரப்பி இருப்பதைக் கண்டார். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சீராக வைப்பது அதன் வேலை என்பது பின்னால் தெரிந்தது. நாய்க்கு ஆபரேஷன் செய்யும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் வலிப்பு! கோக்கரின் நிதானமான கத்தி, அந்தச் சிறு சுரப்பிகளைப் பெரும்பாலும் தொடாமல் விட்டது.

மருந்து வந்தது

கோக்கர் சும்மா இருக்கவில்லை. 1883ம் ஆண்டிலேயே, சுரப்பி இழந்த நோயாளிக்கு வேறு ஒருவருடைய தைராய்டுத் துண்டை வைத்துத் தைத்தார். ஓர் உறுப்பின் வேலையைத் திரும்பக் கொடுப்பதற்காக, வேறு மனிதரின் உறுப்பை வைத்துத் தைத்த முதல் முயற்சி என்று இதைச் சொல்வார்கள். ஆனால் பலன் நிலைக்கவில்லை.

1891ம் ஆண்டில் இங்கிலாந்தில் முர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டைப் பிழிந்து சாறு எடுத்தார். அதை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். மந்தமாகிக் கிடந்தவர் எழுந்து நடமாடினார். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்! ஊசிகூட வேண்டாம், வாயால் சாப்பிட்டாலே போதும் என்று அடுத்த ஆண்டே கண்டார்கள்.

1914ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவில் கெண்டல் என்ற விஞ்ஞானி, சுரப்பியில் உள்ள அந்த அற்புதப் பொருளைத் தனியாகப் பிரித்து எடுத்தார். அதற்குத் "தைராக்சின்" என்று பெயர். 1927ம் ஆண்டில் அதை இங்கிலாந்தில் செயற்கையாகவே செய்துவிட்டார்கள்.

நோபல் பரிசு

தைராய்டு சுரப்பி பற்றிய ஆராய்ச்சிக்காகவும் ஆபரேஷனுக்காகவும் 1909ம் ஆண்டில் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆபரேஷன் டாக்டர் ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை.

1912ம் ஆண்டில், ஆராய்ச்சி நிலையம் அமைப்பதற்காகப் பெர்ன் பல்கலைக்கழகத்துக்கு அவர் 2 லட்சம் பிராங்க் நன்கொடை கொடுத்தார்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1917ம் ஆண்டு ஜூலை 23ந் தேதி, அவசர ஆபரேஷன் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. 75 வயதுக் கோக்கர் போனார். ஆபரேஷனை முடித்தார். பிறகு உடம்பு சரியில்லை என்று படுத்தார். படுக்கையிலும் ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு நினைவு இழந்தார். 27ந் தேதி உயிர் பிரிந்தது.

5 ஆண்டுகள் கழித்து, 1922ம் ஆண்டில், சுவிட்சர்லாந்தில் உப்பில் அயோடின் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். கழலை நோய் மெல்ல மெல்ல மறைந்தது. கோக்கர் ஆயிரக்கணக்கில் வெட்டி எடுத்த கழலையை, ஒரு சிட்டிகை உப்பு வராமலே தடுத்துவிட்டது!

நாய்க்கும் அதே மருந்து

கோக்கரின் நோயாளிகளுக்கு ஆபரேஷனால் வந்த அதே குறை, நாய்களுக்குத் தானாகவே வருவது உண்டு. நடுத்தர வயது நாய்களுக்கு, அதிலும் கோல்டன் ரெட்ரீவர், டோபர்மேன் போன்ற சாதி நாய்களுக்கு அதிகமாக வருகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி அழித்துவிடும். அல்லது சுரப்பி தானாகச் சுருங்கிவிடும்.

அறிகுறிகளைப் பாருங்கள்: அதிகம் தின்னாமலே உடம்பு பெருக்கும். ஓடி விளையாடிய நாய் மூலையில் படுத்துக் கிடக்கும். வெயிலைத் தேடிப் போகும். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும். ஆனால் சொறியாது. வால் முடி இழந்து எலிவால் போல ஆகும். முகம் தொங்கிச் சோகமாகத் தோன்றும். பெர்ன் நகரத்துக்கு 1883ல் திரும்பி வந்தவர்களின் வருணனைதான் இது!

ஆனால் குண்டான நாய்க்கு எல்லாம் இந்த நோய் என்று முடிவு கட்டக் கூடாது. அதிகத் தீனியாலும் நாய் கொழுக்கும்.

கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். தைராக்சின் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. வேறு நோய் வந்தாலும் அது குறையும். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாலும் குறையும். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களுக்கு இயல்பாகவே குறைவு. ஆகையால் இன்னொன்றையும் பார்ப்பார்கள். சுரப்பி வேலை செய்யாவிட்டால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, வேலை செய் என்று அதை விரட்டும் பொருளை அதிகமாக அனுப்பும். தைராக்சின் குறைந்து, விரட்டும் பொருள் கூடி இருந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. சில நாய்களுக்கு விரட்டும் பொருள் கூடாமலும் இருக்கும். அதனால் அறிகுறிகளையும் சேர்த்தே டாக்டர் முடிவு செய்வார்.

மருந்து, தைராக்சின் மாத்திரை. மனிதனுக்கும் நாய்க்கும் பொருள் ஒன்றே. அளவுதான் வேறு. மனித உடம்பில் தைராக்சின் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகிறது. நாயின் உடம்பில் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும். ஆகவே எடையைக் கணக்கிட்டால் நாய்க்கு அதிக அளவு வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் தினம் இரண்டு வேளை கொடுப்பார்கள். வீட்டில் யாரோ சாப்பிடும் மாத்திரையை ஊகமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் நாய் இளைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், தண்ணீர் அதிகம் குடிக்கும்.

மாத்திரை தொடங்கி 4 முதல் 8 வாரத்துக்குள், மாத்திரை கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவைச் சரி செய்வார்கள். ஓரிரு வாரத்திலேயே நாய் சுறுசுறுப்பாகும். முடி வளர்வதற்கு மட்டும் மாதங்கள் ஆகும். மாத்திரை ஆயுள் முழுவதும் வேண்டும். ஆனால் மற்ற நாய்களைப் போலவே நன்றாக வாழும்.

மனிதர்களுக்கு ஒரு உண்மையைக் காட்ட அன்று நாய்கள் உயிர் விட்டன. அந்த உண்மையில் பிறந்த மாத்திரை இன்று நாய்களையும் காப்பாற்றுகிறது.

பெர்ன் நகரத்தில் கோக்கர் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே இப்போது கழுத்துக் கழலை உள்ளவர்களைக் காண்பது அரிது. கோக்கர் 5 ஆயிரம் பேருக்குக் கத்தி பிடித்தார். ஆனால் 18 பேரைத் திரும்ப அழைத்துப் பார்த்து, தன் கையால் நேர்ந்த தீங்கை ஊர் அறியச் சொன்னாரே, அந்த நேர்மைதான் பின்னால் வந்த கோடிக்கணக்கான பேருக்கு மருந்து கிடைக்க வழி திறந்தது.